கஜாவுக்கு அடுத்த வாரம்: டெல்டாவில் வானொலி எதற்கு உதவியது, எங்கே நின்றுபோனது

கஜா புயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள்: முன்னெச்சரிக்கை நன்றாகவே இருந்தது. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் புயல் கரையேறியது. அதற்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலினே முதல் நாள் பாராட்டினார். அடுத்த இரண்டு நாளில் நிலைமை தலைகீழானது. ஊருக்கு ஊர் சாலை மறியல். புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்களுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போனது.

புயலுக்கு முன் நல்ல பேர் வாங்கிய நிர்வாகம் புயலுக்குப் பின் ஏன் இப்படித் திட்டு வாங்கியது? சோறு, தண்ணீர், தார்ப்பாய் போதவில்லை என்பது முதல் காரணம், அதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என்ன வருகிறது, எப்போது வருகிறது, எங்கே போய் வாங்குவது என்று சொல்ல ஆளில்லை. இருப்பதுகூட இருக்கிறது என்று தெரியாமல் கிடந்தது. இந்த ஆய்வு அந்த இரண்டாவது காரணத்தையும், அதில் வானொலிக்கு இருந்த இடத்தையும் பற்றியது.

அறுந்தது எது

காற்று மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது, சில நேரம் 120 வரை போனது என்பது வானிலைத் துறை அன்று சொன்ன கணக்கு. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வயலில் சம்பா நின்றது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை விழுந்து கிடந்தது.

கம்பம் சாய்ந்தால் வீட்டு விளக்கு மட்டும் அணைவதில்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. செல்போன் கோபுரம் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், அப்புறம் டீசல் வேண்டும். டீசல் கொண்டுவரும் சாலையில் மரம் கிடக்கும். கோபுரம் உயிரோடு இருந்தாலும் கையில் இருக்கும் போனில் சார்ஜ் இருக்காது. ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து சார்ஜ் போட்டுக்கொண்ட கதை டெல்டாவில் எல்லா ஊரிலும் உண்டு. கேபிள் டிவி கம்பத்தோடு போய்விட்டது. செய்தித்தாள் கட்டு கடைத்தெருவோடு நின்றது. கிராமத்துக்கு என்று மிஞ்சியது மூன்று: ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, வாய்வழிப் பேச்சு, வானொலி.

இதில் ஆட்டோ சாலை இருக்கும் இடத்துக்குத்தான் போகும். வாய்வழிப் பேச்சு எங்கும் போகும், போகிற வழியெல்லாம் வளர்ந்துகொண்டும் போகும். "அடுத்த வாரம் இதைவிடப் பெரிய புயல் வருதாம்" என்பதை ஒரே நாளில் மூன்று ஊரில் மூன்று வேறு தேதிகளோடு கேட்டேன்.

ஒரு டீக்கடை

வேதாரண்யத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே, பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊர். நிவாரணப் பொருள் ஏற்றிய வண்டியோடு அங்கே போனபோது பார்த்தது இது. டீக்கடையின் கீற்றுக் கொட்டகை பறந்துவிட்டது. நின்றிருந்த ஒரே மூங்கில் காலில் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை மாட்டியிருந்தார்கள். முதுகு மூடி தொலைந்துபோய், பேட்டரிக் கட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தது. பாலில்லாத கடுங்காப்பிதான் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி இருபது முப்பது பேர்.

செய்தி முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: "என்ன பெரியப்பா சொன்னாங்க?"

"மெட்ராசுல மழை பெய்யுமாம்."

"நம்ம ஊருக்கு?"

"நம்ம ஊரு பேரு அவங்களுக்கு எங்கடா தெரியப் போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதே செய்தியில் இன்னொன்றும் சொன்னார்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளா போன்ற பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்திருக்கிறார்கள், முதலில் நகரங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இணைப்பு கொடுத்துவிட்டுத்தான் கிராமங்களுக்கு வருவார்கள் என்று. அதைக் கேட்டுவிட்டு டீக்கடைக்காரர் சொன்னார்: "அப்ப நமக்கு இப்போதைக்குக் கரண்டு இல்லண்ணே. தெருவுக்கு இவ்வளவுன்னு போட்டு ஜெனரேட்டர் எடுத்துருவோம்." அன்று சாயங்காலமே வீட்டுக்குக் கொஞ்சம் வசூல் செய்து, வாடகை ஜெனரேட்டர் பிடித்து, மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். அதுவரை "நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்" என்று குட்டைத் தண்ணீரை வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்த ஊர் அது.

பேரிடர் வானொலியின் பயன் என்று நான் எதைச் சொல்வேன் என்றால் இதைத்தான். ஆறுதல் சொல்வதோ பாட்டுப் போடுவதோ இரண்டாம்பட்சம். கேட்கிறவர் இன்றைக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க அது உதவுகிறதா? தாமதமாகும் என்ற கெட்ட செய்திகூட அப்படி உதவியது. "பொதுமக்கள் பீதியடைய வேண்டாம், அரசு அனைத்து நடவடிக்கைகளையும் எடுத்து வருகிறது" என்ற வாக்கியம் அந்த வாரம் எத்தனை தடவை ஒலித்ததோ, அதைக் கேட்டு யாரும் எதையும் செய்யவில்லை, செய்யவும் முடியாது.

வானொலி எட்டியதா?

டெல்டாவுக்கு வானொலி புதிதல்ல. திருச்சி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. அறுபதுகளில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை அந்த நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகள் தஞ்சை மாவட்டத்தில் பரப்பியது எப்படியென்றால், விவசாயிகள் அதை ரேடியோ நெல் என்றே சொல்லி விதை கேட்டார்கள். எந்த விதையை எப்போது விடுவது என்பதையே வானொலியை நம்பி முடிவு செய்த மண் இது. நம்பிக்கைக்குக் குறைவில்லை. குறை வேறு இரண்டு இடத்தில் இருந்தது: அலை எட்டும் தூரத்திலும், கேட்கும் கருவியிலும்.

எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். மலை குறுக்கிடாத தட்டை நிலம் என்பதால் டெல்டா அதற்குத் தோதான இடம். ஆனாலும் பூமி வளைகிறது. தரையில் இருக்கும் கருவிக்கு, 30 மீட்டர் உயரத்து ஆன்டெனாவின் அடிவானம் 20 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். 100 மீட்டர் கோபுரத்துக்கு 40 கிலோமீட்டர் சுற்று. நாகை மாவட்டக் கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பது காரைக்கால் வானொலியின் பண்பலை, 100.3. அங்கிருந்து வேதாரண்யம் நேர்கோட்டில் 60 கிலோமீட்டர், கோடியக்கரை இன்னும் பத்து கிலோமீட்டர் தெற்கே. புயல் எங்கே அதிகமாக அடித்ததோ அந்த ஊர்கள் அலை மெலியும் ஓரத்தில் இருக்கின்றன. நல்ல ஆன்டெனா வைத்த கருவியில் எடுக்கும், போனில் இரைச்சல்தான். வேடிக்கை என்னவென்றால், கோடியக்கரைக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணக் கரை ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான், நடுவில் தண்ணீர் மட்டும். இலங்கை எஃப்.எம்.களில் பாட்டு தெளிவாகக் கேட்கும். சொந்த மாவட்டத்தில் எந்தப் பாலம் உடைந்தது என்பது கேட்காது.

மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், வேறு மாதிரி. திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் தரையை ஒட்டியே வரும், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் வேதாரண்யம் அதற்கு ஒரு தூரமே இல்லை. கீற்றுக் கொட்டகைக்குள்ளும் எடுக்கும். பாதிக்கப்பட்ட நான்கு மாவட்டங்களையும் ஒரே கோபுரத்திலிருந்து எட்டக்கூடியது அது. ஆனால் அதைக் கேட்கப் பழைய டிரான்சிஸ்டர் வேண்டும். செல்போனில் மத்திய அலை கிடையாது. வீட்டில் டிரான்சிஸ்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாத்தாக்கள். அவர்களிலும் பேட்டரிக் கட்டை கைவசம் வைத்திருந்தவர்கள் சிலர்தான். புயல் வருகிறது என்றால் மெழுகுவத்தி வாங்குகிறோம், கொசுவத்தி வாங்குகிறோம், பால் பவுடர் வாங்குகிறோம். இரண்டு பேட்டரி வாங்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் பெரிய கட்டை இரண்டு ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும்.

இதற்கிடையே பல ஊர்களில் மத்திய அலை ஒலிபரப்பிகளை மூடிக்கொண்டு வருகிறார்கள். சிறிய எஃப்.எம். ஒலிபரப்பிகள் பெருகுகின்றன: 2023 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 91 இடங்களில் 100 வாட் ஒலிபரப்பிகள் திறக்கப்பட்டன. செலவுக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். பேரிடர்க் கணக்கில், 100 வாட்டுக்காரர் இருக்கும் ஊரே புயலில் மாட்டினால் சுற்றுவட்டாரத்துக்கே சத்தம் இருக்காது. தூரத்திலிருந்து பேசும் ஒரு பெரிய குரலும் வேண்டும், பக்கத்தில் இருக்கும் சின்னக் குரலும் வேண்டும்.

செல்போன் விஷயத்தில் ஒரு நல்ல நகர்வு நடந்தது. 2023இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன் தயாரிப்பாளர் சங்கத்துக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. வசதி இருக்கும் போன்களில் எஃப்.எம். வானொலியை அடைத்து வைக்க வேண்டாம் என்பது அதன் சாரம், பேரிடரையே காரணமாகக் காட்டியிருந்தார்கள். அதற்குள் சந்தை வேறு பக்கம் போய்விட்டது. போனில் எஃப்.எம்.முக்கு ஆன்டெனா என்பது வயர் இயர்போன்தான். வயரைச் செருகும் ஓட்டையே இல்லாத போன்கள் வந்துவிட்டன. அதே 2023இல் போன்கள் ஒரே நேரத்தில் அலறிய எச்சரிக்கைச் சோதனை நினைவிருக்கும். புயலுக்கு முன்னால் அது பிரமாதமான கருவி. கோபுரம் செத்த பிறகு அதுவும் சேர்ந்து செத்துவிடும்.

தென்னை மரக் கேள்வி

எட்டினால் என்ன சொல்வது? இதுதான் இந்த நிகழ்வின் நடு நரம்பு. ஓர் உதாரணத்தை மட்டும் நிறுத்திப் பார்க்கிறேன்.

விழுந்த தென்னைக்கு நிவாரணம் அறிவித்தார்கள்: மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு, 1,92,500 ரூபாய். அறிவிப்பு தெளிவாகத்தான் இருந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புக்காரருக்கு வந்த கேள்விகளுக்குத்தான் அதில் பதில் இல்லை. கணக்கெடுக்க வருவதற்குள் மரத்தை வெட்டி ஓரம் போட்டுவிட்டால் கணக்கில் சேருமா? வேரோடு சாயாமல் குருத்து முறிந்து நிற்கும் மரம் விழுந்த மரமா, நிற்கிற மரமா? பட்டா அப்பா பேரில் இருக்கிறது, அப்பா இல்லை, வங்கிக் கணக்கு யார் பேரில் கொடுப்பது? போனில் போட்டோ எடுத்து வைத்தால் போதுமா? போனிலும் சார்ஜ் இல்லை.

வி.ஏ.ஓ. ஒன்று சொன்னார், வேளாண் அலுவலர் ஒன்று சொன்னார், கட்சிக்காரர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். எதற்கு வம்பு என்று பலர் மரத்தைத் தொடவே இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, பாதையை அடைத்துக்கொண்டு, மோட்டார் கொட்டகையை நசுக்கிக்கொண்டு மரங்கள் கிடந்தன. மக்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், பிழைத்து நிற்கும் மரங்களின் குருத்தைப் பிறகு அதுதான் குடையும். அப்படியிருக்க, மரத்தை அப்புறப்படுத்தும் வேலையை விவசாயி தள்ளிப்போட்டது சோம்பலால் அல்ல, தகவல் இல்லாமல்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல ஓர் அதிகாரிக்குப் பத்து நிமிடம் போதும். தினமும் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் அதே பத்து நிமிடம், அதே குரல், அன்று புதிதாக வந்த கேள்விகளோடு. ஊர் ஊராக நின்று நூறு பேரிடம் நூறு விதமாகச் சொல்வதைவிட, ஒருவர் ஒரே தடவை எல்லாருக்கும் சொன்னால் அதை மாற்றிச் சொல்ல யாராலும் முடியாது. "ரேடியோவிலேயே சொல்லிட்டாங்க" என்பதற்கு நம் ஊரில் இன்னும் ஒரு கனம் இருக்கிறது.

கோபே என்ன செய்தது

ஜப்பானை எடுத்ததற்கெல்லாம் உதாரணம் காட்டுவது எனக்கும் அலுப்புதான், இந்த விஷயத்தில் தவிர்க்க முடியவில்லை. 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, பேரிடருக்கென்றே தற்காலிகமாக எஃப்.எம். உரிமம் தரும் ஏற்பாடு அங்கே நடைமுறைக்கு வந்தது. 2011 மார்ச் சுனாமிக்குப் பின் இப்படி ஏறத்தாழ 30 நிலையங்கள் முளைத்தன. உரிமம் வாங்குவது நகராட்சி, நடத்துவது பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள். அவற்றில் பேசப்பட்டது எல்லாம் சின்னச் சின்ன விஷயம்: தண்ணீர் லாரி எந்தப் பள்ளிக்கு எத்தனை மணிக்கு, எந்தக் குளியலறை திறந்திருக்கிறது, எந்தச் சாலையில் பஸ் ஓடுகிறது. கோபேயில் கொரிய, வியட்நாமிய மொழிகளில் பேசிய நிலையங்களும் வந்தன. ஜப்பானியச் செய்தி அந்த மக்களுக்கு எட்டவில்லை என்பதால்.

நம்மிடம் அதற்கு நிகரான விதை இருக்கிறது. சமுதாய வானொலிக்கான கொள்கை 2002இல் கல்வி நிறுவனங்களுக்காக வந்தது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாக வானொலி தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. சுனாமி சுருட்டிப்போட்ட நாகைக் கடற்கரையில், விழுந்தமாவடியில், தானம் அறக்கட்டளை களஞ்சியம் சமுதாய வானொலியை நிறுவியது. இராமநாதபுரம் பக்கம் பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை 2016 முதல் ஒலிக்கிறது. இவ்வகை நிலையங்களுக்கு அனுமதிக்கும் வீச்சு 100 வாட்டும் 30 மீட்டர் ஆன்டெனாவும்தான், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகும். ஒலிபரப்பி, மிக்ஸர், லேப்டாப் எல்லாம் சேர்ந்து இழுப்பது வீட்டில் சட்னி அரைக்கும் மிக்ஸி இழுப்பதைவிடக் குறைவு, ஆகவே சூரியத் தகடும் இன்வெர்ட்டர் பேட்டரியும் வைத்தே ஓட்டலாம்.

தனியார் எஃப்.எம்.களில் செய்தி சொல்லக்கூடாது என்ற தடையை இங்கே சிலர் காட்டுவார்கள். 2011ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கையைப் படித்தால், மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகள் செய்தியாகவே கருதப்படாது என்று இருக்கிறது. அதாவது வாய் கட்டப்படவில்லை. சொல்ல வேண்டியதைத் தரத்தான் ஆளில்லை.

யார் தகவல் தருவது

கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து முட்டுகிறது. ஒரு வானொலி நிலையம் தானாக ஒன்றும் தெரிந்துகொள்ளாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு ஊர்களிலிருந்து விவரம் வந்துகொண்டே இருக்கும்: எந்த முகாமில் எத்தனை பேர், எந்தத் துணை மின்நிலையம் தயார், எந்தச் சாலையில் மரம் அறுத்தாயிற்று. அந்த விவரம் மேலே சென்னைக்குப் போகிறது. சென்னையிலிருந்து மொத்தக் கணக்காகச் சுருங்கிச் செய்தியாகத் திரும்பி வருகிறது. டீக்கடைப் பெரியப்பா கேட்டது அந்தச் சுருங்கிய கணக்கைத்தான். பக்கத்து அறையில் இருக்கும் விவரம் முந்நூறு கிலோமீட்டர் சுற்றி வருவதற்குள் ஊர்ப் பெயர்கள் உதிர்ந்துவிடுகின்றன.

கட்டுப்பாட்டு அறையில் வானொலிக்கென்று ஒருவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான். புதிய துறை வேண்டாம், புதிய செயலி வேண்டவே வேண்டாம். ஒன்றியம் வாரியாக, ஊர்ப் பெயர் சொல்லி, நேரம் சொல்லி எழுதி வைத்துவிட்டு, திருச்சிக்கும் காரைக்காலுக்கும் அருகில் இருக்கும் சமுதாய வானொலிக்கும் ஒரே தாளைப் படித்துக் காட்ட வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு சாட்டிலைட் போனும் காவல்துறை வயர்லெஸ்ஸும் இருக்கும், ஆகவே நிலையத்தைத் தொடர்புகொள்ள வழியில்லை என்ற சாக்குக்கு இடமில்லை. அந்தத் தாள் எப்படி இருக்கும் என்றால்:

"தலைஞாயிறு ஒன்றியம். இன்று மதியம் இரண்டு மணிக்கு அரசு மேல்நிலைப் பள்ளியில் தார்ப்பாய் வழங்கப்படும், ரேஷன் கார்டு இல்லாதவர்கள் ஆதார் கொண்டுவரலாம். நாளை காலை வரை குடிநீர் லாரி வராது, இருப்பதைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். தாழ்ந்து தொங்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நினைத்துத் தொடாதீர்கள், ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்களால் கம்பிக்குள் மின்சாரம் திரும்பி வரக்கூடும்."

இது நானே எழுதிய மாதிரி, எந்த நாளிலும் ஒலிபரப்பானது கிடையாது. "வராது" என்ற சொல் அதில் இருப்பதைக் கவனியுங்கள். அதிகாரிகளுக்கு எழுத மிகக் கடினமான சொல் அதுதான். டீக்கடையில் ஜெனரேட்டர் பிடிக்க வைத்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

வானொலி ஒருவழிப் பாதை என்பது உண்மையான குறை. ஊர்க்காரர் பதில் பேச முடியாது. அதற்கு ஊராட்சிச் செயலரோ முகாம் பொறுப்பாளரோ ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி, நிவாரண லாரி திரும்பும்போது டிரைவரிடம் கொடுத்தனுப்பினால்கூட மறுநாள் காலை ஏழு மணிக்குப் பதில் வந்துவிடும்.

சுனாமிக்குப் பிறகு கடலோரம் நெடுகப் பன்னோக்குப் பாதுகாப்பு மையங்களைக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஐப்பசி பிறக்கும் முன் அவற்றில் மர அறுவை இயந்திரம், ஜெனரேட்டர், மண் மூட்டை, டார்ச் லைட் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கும் வழக்கம் உண்டு. அந்தப் பட்டியலில் மத்திய அலை, எஃப்.எம். இரண்டும் எடுக்கும் டிரான்சிஸ்டர் ஒன்று, பேட்டரிக் கட்டை ஒரு டஜன், திருச்சி, காரைக்கால் நிலைய எண்களைப் பெயின்டில் எழுதிய ஒரு சுவர் என்று மூன்றைச் சேர்த்துவிடலாம். மொத்தச் செலவு ஒரு நாள் டீசல் காசுக்குள் அடங்கிவிடும்.